குட்டி லோகநாயகி

மே 29, வியாழன்

பல் வலி. இடது பக்கம், மேல் வரிசை, கடைசிக்கு முந்தினது. பல் டாக்டரிடம் போனால் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் டப்பாவைத் திறந்தேன்.

டப்பா என்றால் எங்கள் வீட்டில் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாதான். யாருக்கு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையானாலும், குணமான பிறகு மிச்சம் இருப்பது அதற்குள் வந்துவிடும். ஐந்து நாளைக்குக் கொடுத்தால் மூன்றாம் நாளே சரியாகிவிடுகிறது. மீதியைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. சளி, கட்டி, காது குத்தல், தொண்டைக் கரகரப்பு, எல்லாவற்றுக்கும் உள்ளே ஆள் இருக்கிறது. மகாராஜநகரில் எங்கள் தெருவில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். திருநெல்வேலி ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். ஆள் வாயைத் திறப்பதற்கு முன்பே எந்த ஊருக்கு என்று சொல்லிவிடுவேன். நோயும் அப்படித்தான்.

நீலக் கேப்சூல் ஒன்று போட்டுக்கொண்டேன்.

மகள் சங்கரி போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாள், நாலாம் மாதம் பிறந்துவிட்டது. ஆவணியில் வளைகாப்பு, மாப்பிள்ளை வீட்டில். வளையல் அடுக்கிய கையோடு தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே கூட்டி வந்துவிடுவேன். தெற்கு அறையை வெள்ளையடிக்கச் சொல்ல வேண்டும். இதில் ஒரே ஓர் இடைஞ்சல், அன்றைக்கு அந்த வீட்டில் நான் சாப்பிட மாட்டேன்.

ஏன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கோபம் ஆறிப்போய் எனக்கே மறந்துவிட்டால் அசிங்கம்.

சம்பந்தியின் பெயர் லோகநாயகி. கல்யாணத்தன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். பாவம் என்று டப்பாவிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். "எனக்கு வேண்டாம் மைனி. பொறந்ததுல இருந்து ஒரு மாத்திரை முழுங்கினது கெடையாது. கண்டதையும் வயித்துக்குள்ள போட மாட்டேன்" என்றாள். நான் கொடுத்தது கண்டது. சரி, பொறுத்துக்கொண்டேன். மறுநாள் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தேங்காய்ப்பாலில் வெந்த காய்கறி, செரிக்க இஞ்சிப் பச்சடி, கடித்துக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். லோகநாயகி ஒரு வாய் வைத்தாள். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி, "பால் எங்க மைனி? தாமிரபரணித் தண்ணியில காய்கறியப் போட்டு வச்சிருக்கியளா?" என்றாள். எண்பது பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். இனி அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் ஆகிறது. பெருமாள்புரத்தில் இருக்கும் அவள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இவர் சாயங்காலம் வாக்கிங் போய்விட்டு வந்து, இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார். நடந்தால் இவருக்குப் பசி அடங்கிவிடுகிறது. விசித்திரமான உடம்பு.

ஜூன் 5, வியாழன்

பல் வலி போயிற்று. வயிறு ஆரம்பித்துவிட்டது. நேற்றைய ஓட்டல் தோசைமேல் சந்தேகம். டப்பாவில் வயிற்றுக்கு என்று இரண்டு பட்டை கிடக்கிறது. எது எதற்கு என்று அச்சடித்திருந்த இடம் கிழிந்துவிட்டது. வம்பு வேண்டாம் என்று இரண்டிலும் ஒவ்வொன்று போட்டேன்.

ஜூன் 9, திங்கள்

போனேன். வந்தேன். உட்காருவதற்குள் மறுபடி போனேன்.

ஜூன் 12, வியாழன்

நடக்க முடியவில்லை என்றதும் மாப்பிள்ளை குற்றாலிங்கம் காரைக் கொண்டுவந்தார். பைபாஸ் ரோட்டில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினோம். அந்தப் பங்க்கின் முதலாளி நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

டாக்டர் பெனிட்டா சின்னப் பெண். குடல் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளாம். "அம்மா, இந்த ஒரு மாசத்துல ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பல்லுக்கு ஒண்ணே ஒண்ணு" என்றேன். இவர் இருமினார். ஒரு வாரம் சாப்பிட்டதை ஒன்று என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?

சோதனையில் கிருமி அகப்பட்டுவிட்டது. பெயர் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில். நம் வயிற்றில் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் இருக்கின்றனவாம். வேண்டாத நேரத்தில் வேண்டாத மாத்திரை போட்டால் அவை செத்துப்போகும். அப்போது இது எழுந்திருக்கும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒழுங்காக டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் நானே இறக்கிவிட்டிருக்கிறேன். காலியான பெட்டியில் இந்தக் கிருமி ஏறிக் காலை நீட்டிவிட்டது.

பெயர்தான் வாயில் நுழையவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வயிற்றைக் கலக்கி, போகவும் மாட்டேன் என்கிறதே என்று யோசித்து, குட்டி லோகநாயகி என்று வைத்தேன். பொருத்தமாக இருக்கிறது.

பையிலிருந்து ஜெல் எடுத்துக் கையில் தேய்த்ததைப் பார்த்து டாக்டர் தலையை ஆட்டினாள். "இந்தக் கிருமி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிடும். ஜெல்லுக்கெல்லாம் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணியில நல்லாத் தேச்சுக் கழுவணும்" என்றாள். நான்கு வருஷமாகத் தெரு முழுக்க ஜெல் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஜூன் 25, புதன்

இந்தக் கிருமிக்கென்றே உள்ள மருந்து பத்து நாள் சாப்பிட்டேன். வயிறு அடங்கிவிட்டது. குட்டி லோகநாயகி ஒழிந்தாள். ரசஞ்சாதம் இறங்கியது. தெற்கு அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று.

ஜூலை 4, வெள்ளி

தொண்டை கரகரப்பு. டாக்டருக்குப் போன் செய்தால் அவள் தொண்டை டாக்டர் இல்லையே. இவர் வாக்கிங் போயிருந்த நேரம் பார்த்து ஒரு சின்ன மாத்திரை போட்டேன். நிஜமாகவே சின்னது, பாதி விரல் நகம்கூட இல்லை.

ஜூலை 9, புதன்

வந்துவிட்டாள்.

டாக்டர் கேட்டாள், "வேற மாத்திரை எதுவும் எடுத்தீங்களா?"

இல்லை என்றேன். சின்னதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

இரண்டாம் தடவை மருந்து சாப்பிட்டு முடித்த மூன்றாம் நாளே மறுபடி ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை நான் எதையும் தொடவில்லை, சத்தியம். ஒரு தடவை திரும்பி வந்தால் அப்புறம் வந்துகொண்டே இருக்குமாம். மோதிரம் விரலில் நிற்கவில்லை. ரவிக்கையெல்லாம் யாரோ கொடுத்தது போல் தொங்குகிறது. கையில் டிரிப்ஸ் ஏற்றியிருக்கிறார்கள், அதனால் கையெழுத்துக் கோணல்.

டாக்டர் பெனிட்டா இன்றைக்குச் சிரிக்கவில்லை. "சிறுநீரகம் இப்பவே தடுமாறுது. இன்னும் இப்படியே போச்சுன்னா குடல் தாங்காது. உயிருக்கே ஆபத்தும்மா" என்றாள். நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் அடுத்ததாகச் சொன்னதுதான் உள்ளே போயிற்று. "கர்ப்பமா இருக்கற பொண்ண இப்போதைக்கு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வர வேண்டாம். இது ஒட்டும்."

சங்கரி போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எங்க அத்தை பிரசவத்த இங்கயே பாத்துக்கிடலாம்னு சொல்லுதாவம்மா. ஒங்க அம்மைக்கு முடியலன்னா நான் இருக்கேன்லான்னாவ."

இருப்பாள், இருப்பாள். என் மகளின் தலைப்பிரசவத்தை அவள் பார்ப்பாள். என் பேரப்பிள்ளையின் நாக்கில் முதல் சேனைச் சர்க்கரைத் தண்ணீரை அவள் வைப்பாள். வெள்ளையடித்த அறை சும்மா கிடக்கும்.

அழுதேன். கழிவறையில்தான், வேறு எங்கே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டர் பெனிட்டா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர்கள் உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை.

மருந்து கொடுத்தால் கெட்டது சாகிறது, ஆனால் இடம் காலியாகவே கிடக்கிறது, அதனால் திரும்பத் திரும்ப வருகிறது. இடத்தை நிரப்ப வேண்டும். நல்ல ஆரோக்கியமான ஒருவரின் வயிற்றில் உள்ள கிருமிகளைக் கொண்டுவந்து என் குடலில் குடிவைத்தால், அவை இதை நெருக்கித் தள்ளிவிடும். உலகத்தில் பல ஊர்களில் செய்கிறார்களாம். இங்கேயும் அவளுடைய ஆராய்ச்சிக் குழு செய்கிறது.

"எப்படி எடுப்பீங்க, ஊசி போட்டா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. அவங்க காலையில வெளிக்கிப் போவாங்கள்லா, அதை எடுத்து, உப்புத்தண்ணியில கலக்கி, வடிகட்டி, குழாய் வழியா உங்க குடலுக்குள்ள விடுவோம்."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர், நான் அடுத்தவங்க எச்சில் டம்ளர்ல காப்பி குடிக்காதவ."

"இது எச்சில் இல்லையேம்மா."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

போய்விட்டாள். வாசலில் நின்று, "ஆவணி எப்ப பொறக்குது?" என்று மட்டும் கேட்டாள். கெட்டிக்காரி. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கொடுக்கிறவர் ஆறு மாதமாக ஆன்டிபயாடிக் எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. சாப்பிட்டிருந்தால் அவர் வயிறும் காலிப் பெட்டிதான்.

இவரை விசாரித்தார்கள். மார்ச்சில் இருமலுக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு என்னைக் கைகாட்டினார். என் தம்பி சிதம்பரம் வந்தான். முதுகில் கட்டி வந்தபோது ஐந்து கேப்சூல். யார் கொடுத்தது? "அக்காதான்." மாப்பிள்ளைக்குக் காது வலி. "அத்தை குடுத்தாங்க." எதிர் வீட்டு யோகா மாஸ்டர், உடம்பே கோவில் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர், தானாகவே முன்வந்தார். அவருக்கு மே மாதம் தொண்டை வலி. என் டப்பா. சங்கரி கர்ப்பிணி, அவளைக் கேட்கவே கூடாது.

"உங்க தெருவுக்கே நீங்கதான் டாக்டரா?" என்று கேட்டாள் பெனிட்டா. ஒரு நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் அது போய்விட்டது. என் சொந்தத்தில் என் மாத்திரை படாத குடல் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆள் கிடைத்துவிட்டது! ரத்தம், மற்றது, எல்லாம் சோதித்தாயிற்றாம். தங்கமான குடல் என்கிறாள் பெனிட்டா. ஆனால் பெயரைச் சொல்லக் கூடாது என்பது அந்த ஆளின் நிபந்தனை.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"ஆரோக்கியமான ஆள்."

"சைவமா?"

"சுத்த சைவம்."

"எந்தப் பக்கம்? என்ன வயசு? பழக்கவழக்கமெல்லாம் எப்படி?"

"அம்மா, நீங்க சம்பந்தம் பேசல."

மருத்துவக் கல்லூரிப் பையன் யாராவது இருப்பான். காலையில் மைதானத்தில் ஓடுகிறவன், முளைகட்டின பயறு சாப்பிடுகிறவன். அவன் தாயார் நன்றாக வளர்த்திருக்கிறாள். பயத்துக்கு நடுவில் ஒரு தெம்பு வந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்றைக்குத்தான். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றுவிட்டார்கள். படுத்திருந்தேன். இவர் உள்ளே வந்தார். கையில் ஓர் ஒயர் கூடை, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தார்.

அந்தக் கூடையை எனக்குத் தெரியும். பச்சையும் மஞ்சளும், பக்கத்துக்கு ஒரு கிளி. நிச்சயதார்த்தத்துக்கு அதில்தான் பழம் கொண்டுவந்தாள் லோகநாயகி, தானே பின்னியது என்று நூறு பேரிடம் சொல்லிக்கொண்டு. மேலே வாழை இலை மூடியிருந்தது.

எனக்கு வந்ததே கோபம். ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க வழியில்லாமல் கிடக்கிறேன், இன்றைக்குப் பார்த்துச் சாப்பாடு அனுப்பியிருக்கிறாள்.

"என்னது அது?" என்றேன்.

"ஒரு சாமான்" என்றார்.

"சொதியா?"

"இல்ல."

"இஞ்சிப் பச்சடியா?"

இவருக்கு இருமல் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு இருமினார்.

"அந்த வீட்டுல இருந்து எதுவும் என் வயித்துக்குள்ள போகாது. இப்பமே திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றேன்.

"திருப்பிக் குடுக்க முடியாது ஆவுடை. வாங்கிக்கிட மாட்டாவ" என்றார். பிறகு, "சூடு ஆறுமுன்ன குடுக்கச் சொன்னாவ, நான் தப்பான மாடிக்கு வந்துட்டேன்" என்று முணுமுணுத்தார். இதற்குள் ஒரு நர்ஸ் ஓடிவந்தாள். "ஐயா, அத லேப்லல்லா குடுக்கணும்! இங்க எதுக்குக் கொண்டாந்தீங்க?" என்று கூடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெளிச் சாப்பாட்டைக்கூட லேபில் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். நல்ல ஆஸ்பத்திரி.

மயக்க மருந்து கொடுத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுக்க வேண்டும் என்றாள் பெனிட்டா. அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் ஒரு தடவை. ஒரே தடவை. நம்பிக்கை இல்லாமல் மறுபடி போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. இவ்வளவு சந்தோஷம் எனக்குச் சங்கரி பிறந்த அன்றைக்குத்தான் வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். கழிவறை முழுக்க பிளீச்சிங் போட்டு இவர் தேய்த்தார். பாவம், வாக்கிங்கூடப் போகவில்லை.

ஒரு விசித்திரம். காலையில் எழுந்ததும் பழைய சோறு வேண்டும் போல் இருக்கிறது. நான் ஜென்மத்தில் தொட்டதில்லை. அதைத் தினமும் மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுகிறவள் லோகநாயகி. அதற்காக அவளை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். போனில் பெனிட்டாவிடம் கேட்டேன், கொடுத்தவரின் ஆசையும் கூடவே வருமா என்று. சிரித்தாள். "அதெல்லாம் இல்லம்மா. ரெண்டு மாசம் பட்டினி கிடந்தீங்க, எல்லாமே ருசியாத்தான் இருக்கும்."

அப்படித்தான் இருக்கும். வெங்காயம் அருமையாக இருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் காட்டப் போனேன். கிருமி இல்லை. சங்கரி தாராளமாக வீட்டுக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாள்! பெனிட்டாவைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. கை கழுவியிருந்தேன், அதனால் கட்டிக்கொண்டேன்.

வரும்போது டப்பாவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். இவர் போட்டுக் கொடுத்திருக்கிறார். மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. "அந்த ஜூலை மாசம்..." என்று ஆரம்பித்தாள். "சின்னதுதான்" என்றேன். இருந்ததிலேயே சின்னதைத் தேடி எடுத்துத் தனியே வைத்தாள். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

"இந்த டப்பாவுல இருந்து வாங்கிச் சாப்பிடாத ஒரு ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல கிடைச்சதே அதிர்ஷ்டம்தான்" என்றாள், பட்டைகளைப் பையில் அள்ளிக்கொண்டே.

எனக்குத் தெரிந்தவர்களிலா? கல்லூரிப் பையன் இல்லையா? ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டவள் போல் அவள் சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

ஆட்டோவில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த ஊரில் நான் மாத்திரை நீட்டி வாங்காமல் போனவர் யார்? தெருவில் ஒருவரும் இல்லை. சொந்தத்தில் ஒருவரும் இல்லை. கல்யாண மண்டபத்தில்...

சுத்த சைவம். தங்கமான குடல். பெயரைச் சொல்லக் கூடாது. சூடு ஆறுமுன்ன குடுக்கணும். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

பச்சையும் மஞ்சளும், பக்கத்துக்கு ஒரு கிளி.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வயிற்றுக்காக இல்லை. சும்மா கொஞ்ச நேரம் ரோட்டோரம் நிற்க வேண்டும் போல் இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை அவித்துவிட்டு இவரை உட்காரவைத்து விசாரித்தேன்.

"நான் கேக்கல ஆவுடை. சங்கரி சொல்லி அழுதிருக்கா. 'நான் மாத்திரையே தின்னதில்லையே, நான் ஆவேனா'ன்னு அந்த அம்மாவே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாவ. ரத்தம் எடுக்கையில நர்ஸோட ஒரே சண்டையாம். பேரு மட்டும் வெளிய தெரியக் கூடாதுன்னாவ. தெரிஞ்சா நீ வேண்டாம்னு சொல்லி உயிர விட்டுருவன்னாவ."

சொல்லியிருப்பேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாக்கிங் பெருமாள்புரம் வரைக்கும் போவேன்லா" என்றார், கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டே.

"என்ன குடுப்பா?"

"வாழைக்கா பஜ்ஜி. மழை பேஞ்சா வெங்காய பஜ்ஜி."

இரண்டு வருஷம். இந்த மனிதருக்குக் கொழுக்கட்டை ஒன்று குறைத்து வைத்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து முறுக்கு போட்டு வைத்தேன். யோகா மாஸ்டர் சளி என்று வந்தார். இரண்டு முறுக்கும், டாக்டர் பெனிட்டாவின் விலாசமும் கொடுத்தேன். ஏமாற்றமாகப் போனார்.

லோகநாயகி எப்போது சொல்லிக் காட்டுவாள் என்றே மனது கிடந்து அடித்துக்கொள்கிறது. வளைகாப்பில்தான் சொல்வாள். நான் அவள் இடத்தில் இருந்தால் மைக் வைத்துச் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வளைகாப்பு. சங்கரி பச்சைப் பட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வளையல். என்னைப் பார்த்ததும் கண் கலங்கினாள், நானும்தான். முதல் வளையல் நான் அடுக்கினேன்.

அப்புறம் பந்தி. கலவைச் சாதத்தின் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. நான் வழக்கம்போல் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். லோகநாயகி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பரிமாறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அவளுடைய நாத்தனார் ஒருத்தி, கணீரென்ற குரல், பந்தியிலிருந்தே கேட்டாள்: "என்ன, சம்பந்தியம்மா கை நனைக்க மாட்டாவளாம்லா? நம்ம வீட்டுல இருந்து எதுவும் அவங்க வயித்துக்குள்ள போகக் கூடாதாக்கும்?"

இவருக்கு இருமல் வந்துவிட்டது. குற்றாலிங்கம் கூரையைப் பார்த்தார். சங்கரியின் வளையல்கூடச் சத்தம் போடவில்லை.

லோகநாயகி சாதக் கரண்டியோடு நிமிர்ந்தாள். உதட்டோரம் துடித்ததைப் பார்த்தேன். நான் பார்த்தேன். ஒரு வாக்கியம் போதும் அவளுக்கு. ஒரே வாக்கியம் சொன்னால் ஆயுள் முழுக்க நான் இந்த ஊரில் தலைநிமிர முடியாது, அவள் மட்டும் எல்லாக் கல்யாணத்திலும் முதல் வரிசையில் உட்காரலாம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"சும்மா கெட" என்றாள் லோகநாயகி. "அவங்களுக்கு இப்பந்தான் ஒடம்பு தேறியிருக்கு. வெளிச் சாப்பாடு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. நீ சோத்தத் தின்னு."

அவ்வளவுதான். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

எழுந்து குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, மணிக்கட்டு, எல்லாம் தேய்த்து, ஈரக் கையோடு வந்து நாத்தனார் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

"மைனி, சொதி இருக்கா?" என்றேன்.

கரண்டி நின்றது. "வளைகாப்புக்கு யாரு சொதி வப்பா?" என்று கேட்டாள். பிறகு மெதுவாக, "இருக்கு. ஒரு சின்னச் சட்டியில. நீங்க சாப்பிடலன்னா ராத்திரி நான் சாப்பிட்டுக்கிடலாம்னு வச்சேன்" என்றாள்.

கொண்டுவந்து ஊற்றினாள். ஒரு வாய் வைத்தேன். ஐயோ, தேங்காய்ப்பால்! அப்படி ஒரு சொதியை நான் கனவில்கூடச் சாப்பிட்டதில்லை. கூடம் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சும்மா விட முடியுமா, எனக்கும் ஒரு மானம் இருக்கிறது.

"பால் ரொம்பக் கெட்டி மைனி" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி. "தாமிரபரணித் தண்ணி ஒரு கை சேத்திருக்கலாம்."

நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. லோகநாயகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒங்க வாய் அப்படித்தான் சொல்லும். வயித்தக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

கேட்டுப் பார்த்தேன். அது அவள் கட்சிக்குப் போய்விட்டது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சங்கரியைக் காரில் ஏற்றினோம். வெள்ளையடித்த அறை காத்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடியை ஏற்றப் போகும்போது லோகநாயகி வேகமாக வந்தாள். கையில் ஒயர் கூடை. சிவப்பும் வெள்ளையும், புதுசு. மேலே வாழை இலை மூடியிருந்தது.

நான் கூடையைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். இவர் இரும ஆரம்பித்தார்.

"பழைய கூடை?" என்றேன்.

"அத அன்னைக்கே எரிச்சாச்சு" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. குனிந்து, ஜன்னல் வழியாக என் மடியில் கூடையை வைத்து, காதருகில் சொன்னாள்: "பயப்படாதீங்க மைனி. இந்தத் தடவ சொதிதான்."

வீடு வரைக்கும் மடியிலிருந்து இறக்கவில்லை. சூடாக இருந்தது.